‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டுங்கள்’ என்று எழுதும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு மருத்துவப் பக்கத்தில், நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் உணவுகள் பற்றி எழுதியிருந்தீர்கள். மழைக்காலம் பிறந்தால் இப்படி ஒரு கட்டுரை வந்துவிடுகிறது. என் மனைவிக்குப் பதினாறு ஆண்டுகளாக முடக்குவாதம். எதிர்ப்புச் சக்தியே சொந்த மூட்டுகளைப் பகையென்று நினைத்துத் தாக்குவதால் வருகிற நோய் இது. இதை அந்தக் கட்டுரைகள் ஒரு வரிகூடச் சொல்வதில்லை.

2020இல் மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறந்தார்கள். குறுவைக்கு முறைவைத்துத் தண்ணீர் விடும் வேலையில் நான் வீட்டைக் கவனிக்கவில்லை. ஊருக்குள் சூரணம் விற்க வந்த ஒருவர், “இந்த மாத்திரை எதிர்ப்புச் சக்தியை அழித்துவிடும், கொரோனா வந்தால் தாங்க மாட்டீர்கள்” என்று சொல்லியிருக்கிறார். முடக்குவாதத்துக்காக வாரம் ஒருமுறை போடும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை அவள் நிறுத்திவிட்டாள். புரட்டாசியில் ஒரு காலை, காபி டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். விரல்கள் மடங்கவில்லை. கணுக்கள் வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது.

தஞ்சாவூரில் மருத்துவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டில் சி.ஆர்.பி. என்ற வரியைத் தொட்டுக் காட்டினார். உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் புரதம் அது. அந்தப் புரதத்தைச் செய்யும்படி கல்லீரலைத் தூண்டுவது இன்டர்லூகின்-6 என்றார். அது ஒரு சைட்டோகைன். செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் தகவல்.

தகவல் என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. முப்பத்தோரு ஆண்டுகள் வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கராக இருந்தவன் நான். பிரிவு அலுவலகத்திலிருந்து தகவல் வந்தால் ஷட்டரை ஏற்றுவேன், இறக்கச் சொன்னால் இறக்குவேன். கார்த்திகை அடைமழையில் சம்பா மூழ்கிக் கிடக்கும்போதும் ‘ஏற்று, ஏற்று’ என்றே தகவல் வந்துகொண்டிருந்தால் பயிர் என்ன ஆகும்? தண்ணீர் கூடக்கூட நல்லது என்று டெல்டாவில் எந்த விவசாயியும் சொல்ல மாட்டார்.

இந்தத் தகவலைத் தேடிக் கண்டுபிடித்தவர்களில் முதன்மையானவர் ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்து விஞ்ஞானி தடமிட்சு கிஷிமோட்டோ. டி செல், பி செல் இரண்டும் ரத்த வெள்ளணுக்கள். கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளைச் செய்யச் சொல்லி டி செல் பி செல்லுக்கு எதை அனுப்புகிறது என்பதுதான் 1970களில் அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. 1986இல் அவரும் தோஷியோ ஹிரானோவும் அடங்கிய குழு இன்டர்லூகின்-6இன் மரபணுவைப் பிரித்தெடுத்தது. 1988இல் அந்தத் தகவலை வாங்கிக்கொள்ளும் ஏற்பியும் கிடைத்தது. இதயத்தில் மிக்ஸோமா என்ற கட்டி உள்ள சிலருக்குக் காய்ச்சலும் மூட்டுவலியும் ஏன் வருகின்றன, கட்டியை அகற்றியதும் ஏன் போய்விடுகின்றன என்பதற்கும் அவர்கள் விடை கண்டார்கள்: அந்தக் கட்டியே இன்டர்லூகின்-6ஐ ஏராளமாகச் சுரந்துகொண்டிருந்தது. இதை என் மகள் படித்துச் சொன்ன இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த ஏற்பியை மறித்து நிற்கும் மருந்துதான் டோசிலிசுமாப். முடக்குவாதத்துக்கு ஜப்பானில் 2008இலும் அமெரிக்காவில் 2010இலும் அனுமதி கிடைத்தது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் ஊர் ஊராக அலைந்து தேடினார்களே, அதே ஊசி. எதிர்ப்பு அளவு மீறி நுரையீரல் பாழானவர்களுக்குத்தான் அதைத் தேடினார்கள். அதே நாட்களில்தான் எல்லா நாளிதழ்களும் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டிருந்தன.

தகவலை அடியோடு மறிப்பதும் ஆபத்துதான். கிருமி நுழையும்போது உடம்பை எழுப்புவதும் அதுவே. அதனால்தான் அந்த ஊசியைத் தொடங்கும் முன் காசநோய் இருக்கிறதா என்று பரிசோதிக்கிறார்கள். என் மனைவிக்கு இதுவரை அந்த ஊசி தேவைப்படவில்லை. பழைய மாத்திரையே போதுமானதாக இருக்கிறது.

மஞ்சளையும் நெல்லிக்காயையும் பற்றி எழுத வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிஷிமோட்டோவின் ஆராய்ச்சியைப் பற்றியும் நல்ல தமிழில் ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள். எதிர்ப்புச் சக்தி பற்றி எழுதும்போதெல்லாம் கட்டுரையின் அடியில் ஒரு வரி சேருங்கள்: ‘முடக்குவாதம் போன்ற நோய்களுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.’ உங்கள் நாளிதழை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிறவள் என் மனைவி. அந்த வரி அன்றைக்கு இருந்திருந்தால் அவள் நிறுத்தியிருக்க மாட்டாள். இடக்கை நடுவிரல் இன்னும் முழுதாக நிமிரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லஸ்கர்,
திருக்காட்டுப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டம்.