கரிசல்காட்டு முயலும் ஜீலாங் முயலும்

அன்புள்ள சேகருக்கு,

உன் மெயில் வந்ததும் படித்துவிட்டேன், பதில்தான் தள்ளிக்கொண்டே போய்விட்டது. உளுந்து எடுப்பு நேரம், ஆள் கிடைப்பதே பெரும்பாடு. அதோடு அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது, இப்போது தெருவில் போகிற ஆளை வாசலில் இருந்தே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். உன்னையும் கேட்டாள், "அவன் அங்கே சோறு திங்கானா, ரொட்டி திங்கானா" என்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவில், ஜீலாங்கில் இருக்கிற உன் தோட்டத்துக் கீரைப் பாத்தியை முயல் மொட்டையடித்தது, காரட்டில் விஷம் கலந்து வைத்தது, அதைப் பார்த்துப் பேத்தி இரண்டு நாளாகச் சாப்பிடாமல் அழுதது எல்லாம் எழுதியிருந்தாய். "நம்ம ஊரில் முயலைப் பிடித்தால் கேஸ், இங்கே முயலை ஒழிக்காமல் விட்டால் நோட்டீஸ், இந்தப் பிள்ளைக்கு எதைச் சொல்லிப் புரியவைக்க?" என்று கேட்டாய் பார், அந்தக் கேள்வி உளுந்தங்காட்டில் நிற்கும்போதெல்லாம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

முதலில் அவளிடம் சொல்லவேண்டியது, இரண்டும் ஒரே பிராணி இல்லை என்பதுதான். உன் தோட்டத்துக்கு வருவது ஐரோப்பாவில் இருந்து போன குழிமுயல். கூண்டில் வளர்க்கிறார்களே வெள்ளை முயல், கொடைக்கானல் மன்னவனூர்ப் பண்ணையில் நாம் பார்த்தோமே, அதுவும் அதே இனம். நம் காட்டில் ஓடுவது வேறு. பிடரியில் கறுப்புத் திட்டு இருக்கும், காது நீளம், பின்னங்கால் நீளம், குழி தோண்டவே தோண்டாது. குழிமுயலுக்கு 44 குரோமோசோம், காட்டு முயலுக்கு 48. இரண்டையும் ஒன்றாக விட்டாலும் குட்டி பிறக்காது. குழிமுயல் வளைக்குள் தன் மயிரையே பிய்த்து மெத்தை போட்டு, முப்பது நாள் சுமந்து, கண் திறக்காத, மயிர் முளைக்காத குட்டிகளைப் போடும். நம் முயல் நாற்பது நாளுக்கு மேல் சுமக்கும், வெட்டவெளியில் ஈனும், குட்டி பிறக்கும்போதே உடம்பெல்லாம் மயிரோடு கண்ணைத் திறந்துகொண்டுதான் பிறக்கும். ஒளிய வளை இல்லாத பிள்ளைக்கு வேறு வழி ஏது?

இந்த வருஷம் அதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தேன். உளுந்துச் செடியைப் பிடுங்கிக்கொண்டே போன பெண்கள் ஓரிடத்தில் அப்படியே நின்றுவிட்டார்கள். போய்ப் பார்த்தால் செடியின் தூரில், மண் லேசாகக் குழிந்த இடத்தில், உள்ளங்கை அளவு ஒரு குட்டி. காது இரண்டையும் முதுகோடு ஒட்டவைத்திருந்தது. கரிசல் மண்ணும் காய்ந்த சருகும் கலந்த நிறம், ஒரு எட்டுத் தள்ளி நின்றால் கண்ணுக்குத் தெரியாது. ஐந்தாறு பேர் சுற்றி நிற்கிறோம், அது அசையவில்லை, கண் மட்டும் அகலத் திறந்திருக்கிறது, மூக்கு நுனி துடிக்கிறது. தாயில்லாத குட்டி என்று ஒரு பையன் வீட்டுக்கு எடுத்துப்போகக் கையை நீட்டினான். தொடாதே என்று தடுத்தேன். தாய் முயல் குட்டிகளை ஒன்றாக வைக்காது, ஆளுக்கொரு மூலையில் படுக்கவைத்துவிட்டுப் பகலெல்லாம் பக்கத்திலேயே வராது, பொழுது சாய்ந்தபின் வந்து பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். பக்கத்திலேயே இருந்தால் தன் வாடையே நரிக்கு வழிகாட்டிவிடும். அநாதை என்று நினைத்து எடுத்துப்போகிறார்களே, அந்தக் குட்டிகளில் பெரும்பாலானவை தாயுள்ள குட்டிகள். அந்த இடத்தைச் சுற்றி இரண்டு பாத்தி அளவு செடியைப் பிடுங்காமல் விட்டுவிட்டோம். மறுநாள் காலையில் குட்டி இல்லை. தாய் இடம் மாற்றியதா, நரி கொண்டுபோனதா, யாருக்குத் தெரியும். காட்டு முயல் வாழ்க்கையே அப்படித்தான்.

இப்போது உன் ஊர்க் கதை. உன் வீட்டில் இருந்து மேற்கே போனால் வின்செல்சி வருமே, அங்கேதான் பார்வன் பார்க் இருக்கிறது. அந்தப் பண்ணைக்காரர் தாமஸ் ஆஸ்டின், இங்கிலாந்தில் சுட்டு விளையாடியதுபோல் இங்கேயும் விளையாடவேண்டும் என்று முயல் வரவழைத்தார். 1859 கிறிஸ்துமஸ் நாளில் 24 முயல்கள் மெல்போர்ன் துறைமுகத்தில் வந்து இறங்கின. 1788லேயே முதல் கப்பல்களில் முயல் வந்திருக்கிறது, அப்போதெல்லாம் இப்படிப் பரவவில்லை. ஆஸ்டின் முயல்களில் காட்டு ரத்தம் இருந்தது, அதுதான் வித்தியாசம். ஆஸ்திரேலியா முழுக்க இன்றைக்கு ஓடுவதில் பெரும்பகுதி இந்த ஒரே வரவின் வாரிசுகள் என்று 2022ல் மரபணுவை வைத்து நிரூபித்துவிட்டார்கள். ஐம்பது வருஷத்தில் ஒரு கண்டத்தையே மேய்ந்துவிட்டன. மேற்கில் 1901ல் தொடங்கி 1907க்குள் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வேலி போட்டார்கள், வேலி முடிவதற்குள் முயல் அந்தப் பக்கம் போய்விட்டது. 1950ல் மிக்சோமா வைரஸை விட்டார்கள், கொசு அதைச் சுமந்துபோய், தொற்றிய முயலில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைக் கொன்றது. மனிதருக்கும் தொற்றும் என்று ஜனங்கள் பயந்தபோது ஃபிராங்க் ஃபென்னர், மெக்ஃபார்லேன் பர்னெட், இயன் க்ளூனிஸ் ராஸ் என்ற விஞ்ஞானிகள் மூன்று பேரும் அந்த வைரஸைத் தங்கள் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டு காட்டினார்கள். ஆனால் மிச்சமிருந்த முயல்கள் தாக்குப்பிடித்தன, வைரஸும் வீரியம் குறைந்தது, மறுபடி பெருகிவிட்டன.

முயல் மேல் அங்கே யாருக்கும் தனிப்பட்ட பகை இல்லை, அதைப் பேத்திக்குச் சொல். மரக்கன்று முளைத்த கையோடு முயல் தின்றுவிட்டால் அந்தக் காட்டில் அடுத்த தலைமுறை மரமே வராது. அங்கேயே பிறந்த பில்பி மாதிரியான சின்னப் பிராணிகளுக்கு வளையும் போச்சு, தீனியும் போச்சு. ஈஸ்டருக்கு முயல் சாக்லேட்டுக்குப் பதில் பில்பி சாக்லேட் விற்கிறார்களே, அதன் பின்னால் இந்தக் கதைதான் இருக்கிறது. குற்றம் கப்பலில் ஏற்றிவந்த மனுஷனுடையது, சாவது முயல். அவள் அழுததில் தப்பே இல்லை, அழட்டும். இரக்கமும் வேண்டும், அந்தக் காட்டுக்கு என்ன தேவை என்கிற அறிவும் வேண்டும், ஒன்பது வயதில் இரண்டையும் சேர்த்துத் தாங்குவது கஷ்டம்தான்.

நம் பக்கம் கதை நேர்மாறு. இந்த முயல் எங்கிருந்தும் கொண்டுவரப்பட்டது இல்லை. புறநானூற்றைத் திறந்து 322ஆம் பாட்டைப் பார். வரகு அறுத்த தாளுக்குள் எலி வருமா என்று பையன்கள் கள்ளிச்செடி ஓரம் காத்திருக்கிறார்கள், எலியைக் கண்டதும் வில்லைத் தூக்கிக்கொண்டு கத்துகிறார்கள், அந்தக் கூச்சலில் மிரண்டு 'பெருங்கண் குறுமுயல் கருங்கலன் உடைய மன்றில் பாயும்' என்கிறது பாட்டு. பக்கத்தில் பதுங்கியிருந்த முயல் ஊருக்குள் பாய்ந்து, கரிபிடித்த பானைகளை உருட்டி உடைத்துவிட்டு ஓடுகிறது. 334ல் இன்னொரு முயல், 'தூமயிர்க் குறுந்தாள் நெடுஞ்செவிக் குறுமுயல்', பையன்கள் சத்தம் போட்டதும் வைக்கோல் படப்புக்குள் போய் ஒடுங்குகிறது. இரண்டும் வீரனுடைய ஊரைச் சொல்ல வந்த பாட்டுகள். போரைப் பாட வந்த புலவர் முயலின் முன்னங்கால் குட்டை, காது நெட்டை என்பதை விடாமல் பார்த்திருக்கிறார் பார்! படப்பும் களமும் தரிசும் பக்கம் பக்கமாக இருக்கிற ஊரில்தான் இப்படி நடக்கும், நம் சின்ன வயசில் நம் ஊரும் அப்படித்தான் இருந்தது.

வள்ளுவரிடம் மட்டும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 'கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது' என்று சொல்லிவிட்டார், அதில் இருந்து முயல் என்றால் அற்பம் என்று ஆகிவிட்டது. அவர் பேசுவது படைவீரனின் செருக்கைப் பற்றி, அது நியாயம்தான். ஆனால் ஓடுகிற காட்டு முயலை அம்பால் அடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. காலடியில் மிதிபடும் வரைக்கும் அசையாமல் கிடக்கும், திடீரென்று எழுந்தால் நேராக ஓடாது, இப்படி நாலு பாய்ச்சல், அப்படி மூணு, வந்த தடத்திலேயே திரும்பி, பக்கவாட்டில் ஒரே தாவு. இதை மடக்குவதற்கென்றே சிப்பிப்பாறையும் கன்னியும் வளர்த்தார்கள் நம் ஆட்கள், அந்த நாய்களின் ஒடுங்கிய இடுப்பும் நீண்ட காலும் முயலைத் துரத்தித் துரத்தித் தேர்ந்தெடுத்து வந்த உடம்பு.

நிலாவில் முயல் இருக்கிறது என்று உன் பாட்டி சொல்லுவார்களே, அதுவும் பழைய சரக்குதான். அகநானூறு 141ல் நக்கீரர் கார்த்திகை விளக்கைப் பாடும்போது, மழை ஓய்ந்த வானத்தில் 'குறுமுயல் மறு நிறம் கிளர' முழுநிலா அறுமீனை, அதாவது கார்த்திகை நட்சத்திரத்தைச் சேர்கிற நடுராத்திரி என்கிறார். பௌத்த ஜாதகக் கதையில் விருந்தாளிக்குக் கொடுக்க ஒன்றுமில்லாத முயல் தன்னையே நெருப்பில் போட்டுக்கொள்கிறது, தேவர் தலைவன் சக்கன் அதன் உருவத்தை நிலாவில் வரைந்துவைக்கிறான். சீனாவில் அதே முயல் உரலில் மருந்து இடிக்கிறது, ஜப்பானில் அரிசி மாவு இடிக்கிறது, மெக்சிகோவில் தேவர்கள் நிலாவின் வெளிச்சத்தைக் குறைக்க அதன் முகத்தில் ஒரு முயலைத் தூக்கி எறிந்தார்களாம். 1969ல் அப்பல்லோ 11 இறங்குகிற நாள் காலையில் ஹூஸ்டனில் இருந்து அந்தச் சீனக் கதையைச் சொல்லி, பெரிய முயல் ஒன்று இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். முயலின் தலையாக நாம் பார்ப்பது அமைதிக் கடல், அதில்தான் ஆம்ஸ்ட்ராங் இறங்கினார். 2013ல் சீனா அனுப்பிய வண்டிக்கே ஜேட் முயல் என்றுதான் பெயர் வைத்தார்கள். ஒன்று செய், பௌர்ணமி அன்று பேத்தியை வெளியே கூட்டிப்போய்க் காட்டு. ஜப்பானில் தெரிவதற்குத் தலைகீழாக உங்கள் ஊரில் தெரியும், கொஞ்சம் தேடவேண்டியிருக்கும்.

நீ கேட்ட கேஸ் விஷயம். 1972 வனவிலங்குச் சட்டப்படி காட்டு முயலை வேட்டையாடக்கூடாது. ஆனாலும் பொங்கல், சிவராத்திரி வந்தால் சில ஊர்களில் வலையும் நாயுமாகக் கிளம்பிவிடுகிறார்கள், வனத்துறை பிடித்து அபராதம் போடுகிறது, பேப்பரில் வருகிறது. வழக்கம் என்பார்கள். அந்தக் காலத்து வேட்டையில் ஊரே கால் நடையாகப் போய் ஒன்றிரண்டு முயல் பிடித்துவந்து பங்கு வைத்தது. இன்றைக்கு பைக், நெற்றியில் பேட்டரி லைட், ராத்திரி முழுக்க. வெளிச்சம் கண்ணில் பட்டால் முயல் திகைத்து நின்றுவிடும், அல்லது அந்த வெளிச்சப் பாதையிலேயே நேராக ஓடும், விலகத் தெரியாது. இதை வேட்டை என்று என்னால் சொல்லமுடியாது. முயல் ரத்தத்தைத் தேய்த்தால் முடி வளரும் என்று எண்ணெய் விற்கிறானே, அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் வேட்டையைவிடப் பெரிய இடி தரிசுக்கு வந்த இடி. இனம் அழிந்துவிடும் என்று நான் பயமுறுத்த வரவில்லை, இன்னும் பரவலாக இருக்கிற பிராணிதான். நம் ஊர் ஓடைக்கரை நினைவிருக்கிறதா, வேலாமரமும் கோரையும் கலந்து கிடந்த இடம், புழுக்கை உருண்டை உருண்டையாகக் கிடக்கும். அங்கே இப்போது பாதி சீமைக்கருவேல் அடைப்பு, மீதி கம்பிவேலி. மானாவாரியில் உளுந்தும் கம்பும் எள்ளும் மாறி மாறி விதைத்த காடெல்லாம் ஒரே மக்காச்சோளம். காட்டுப்பன்றிக்கு வைக்கிற சுருக்குக் கம்பியில் முயல் மாட்டுகிறது. சூரிய மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது, கமுதியில் 2016ல் 648 மெகாவாட் வந்தபோது நானும் சந்தோஷப்பட்டவன்தான். ஆனால் எந்த நிலத்தைக் கேட்டாலும் 'தரிசு, ஒன்றுக்கும் உதவாத இடம்' என்று கணக்கில் எழுதி முடித்துவிடுகிறார்களே, அங்கேதான் எனக்கு வலிக்கிறது. முயலும் குள்ளநரியும் கவுதாரியும் கொம்பன் ஆந்தையும் குடியிருக்கிற இடம் அது. புலிக்குக் காடு இருக்கிறது, யானைக்கு வழித்தடம் என்று பேசுகிறோம், முயலுக்கு என்று யார் பேசுவது?

நான் செய்கிறது சின்னக் காரியம்தான். கிழக்கு ஓரத்தில் வேலியடி ஒரு துண்டை உழாமல் போட்டுவைத்திருக்கிறேன், புல்லும் ஆவாரையும் வளர்ந்து கிடக்கிறது. இடத்தை வீணடிக்கிறேன் என்று தம்பி சத்தம் போடுகிறான். போடட்டும்.

பேத்தி முயல் வளர்க்க வேண்டும் என்கிறாள் என்றாயே. குவீன்ஸ்லாந்தில்தான் வீட்டில் வளர்க்கத் தடை, உங்கள் விக்டோரியாவில் வளர்க்கலாம். வாங்கிக் கொடுத்தால் வெளியே ஓடிவிடாத கூண்டு முக்கியம், கொசுவலை போட்டு மூடு, அங்கே மிக்சோமாவுக்குத் தடுப்பூசி போட அனுமதி இல்லை. காரட்டை அள்ளிப் போடாதே, பச்சைப் புல்லும் காய்ந்த புல்லும்தான் அதன் ஆகாரம், பல் வளர்ந்துகொண்டே இருக்கும், நார் கடித்தால்தான் தேயும்.

தையில் வருவதாக இருந்தால் டிக்கெட் போடுமுன் சொல், தங்கச்சியையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. உன் முழங்கால் வலி பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை, அடுத்த மெயிலில் அதை எழுது.

அன்புடன்,
முருகேசன்