கிருமிப் பரிசோதனை சனி, ஞாயிறும் நடக்க வேண்டி மூன்றாவது கோரிக்கை மனு

பெறுநர்: சுகாதாரத் துறை உயர் அதிகாரி அவர்கள், பினாங்கு
அனுப்புநர்: பிறை அடுக்குமாடிக் குடியிருப்பாளர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருளில் பிப்ரவரியில் ஒரு மனுவும் மே மாதம் ஒரு நினைவூட்டலும் கொடுத்தோம். முதல் மனுவுக்கு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். இரண்டாவதற்கு அதுவும் இல்லை. தாங்கள் எங்கள் பக்கம் பலமுறை வந்தவர். திங்கட்கிழமை காலையில் தீவுக்குப் போகும் பாலம் எப்படி அடைத்துக்கொள்ளும் என்று தங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1. இங்கே மருத்துவமனையில் எடுக்கும் சீழ், ரத்த மாதிரிகள் வேனில் பாலம் தாண்டித் தீவிலுள்ள ஆய்வகத்துக்குப் போகின்றன. சனி, ஞாயிறு வேன் கிடையாது.

2. இந்த மனுவை எழுதும் என் அம்மாவுக்கு இனிப்பு நீர். கால் விரலில் புண். வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்குச் சீழ் எடுத்தார்கள்; வேன் 2 மணிக்கே போய்விட்டது. மாதிரி குளிர்பெட்டியிலேயே இருந்தது. முடிவு தெரியாததால் மெரோபெனம் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எட்டு மணிக்கொரு தடவை ஏற்றினார்கள். சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்க்க மிஸி (தாதி) நீலப் பேனாவால் காலைச் சுற்றிக் கோடு போட்டார். சனி காலை சிவப்பு கோட்டைத் தாண்டியிருந்தது. இன்னொரு கோடு. ஞாயிறு இன்னொன்று. திங்களன்று கணுக்காலுக்கு மேலே நாலாவது கோடு. திங்கள் முற்பகல்தான் மாதிரி ஆய்வகம் சேர்ந்தது. செவ்வாயன்று கிருமியின் பெயர் கிளெப்சியெல்லா என்று வந்தது. எந்த மருந்து கேட்கும் என்பதற்கு மறுநாள்வரை பொறுக்கச் சொன்னார்கள். புதன் நண்பகல் காலை முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள். அன்று மாலை அறிக்கை வந்தது: மெரோபெனம் கேட்காது. மிஸி புது மருந்தைக் கொண்டுவந்தபோது அம்மா போர்வையைத் தடவிக் காலைத் தேடிக்கொண்டிருந்தார்.

முடிவு முன்பே வந்திருந்தாலும் கால் தப்பியிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். சரி, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் வேலை செய்யாத மருந்தை ஐந்து நாள் ஏற்றியது ஏன் என்று கேட்கக்கூடாதா?

3. அந்த ஆய்வகத்தில் மால்டி-டாஃப் என்ற நிறைமாலைமானி, அதாவது மூலக்கூறுகளை எடை பார்க்கும் இயந்திரம், இருக்கிறது. ஆய்வக வேலையில் இருக்கும் என் அண்ணன் மகள்தான் விளக்கினாள். தட்டில் வளர்ந்த கிருமியைத் துளி எடுத்து எஃகுத் தகட்டில் பூசி, லேசர் ஒளியை உறிஞ்சும் மேட்ரிக்ஸ் திரவம் விட்டு லேசரால் அடிப்பார்கள். கிருமியின் புரதங்கள் வெற்றிடக் குழாயில் பறக்கும். எடை குறைந்தது முந்தி வந்து சேரும். அந்த வரிசையைப் பார்த்து கிருமியின் பெயரை நிமிடங்களில் சொல்லிவிடலாம். லேசரால் புரதத்தைச் சிதையாமல் பறக்கவிட்ட ஜப்பானியர் தனாகாவுக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்ததே 2002இல். அதனால் புதுசு, பழக வேண்டும் என்ற சாக்கு வேண்டாம்.

பெயர் தெரிந்தால் மட்டும் போதாது என்பதும் தெரியும். அதற்கும் இதே இயந்திரத்தில் வழியுண்டு. கிருமியை மெரோபெனத்தோடு கலந்து ஓரிரு மணி நேரம் வைத்துவிட்டு மருந்தை எடை பார்க்க வேண்டும். மருந்தின் மூலக்கூறு எடை 383. கிருமியிடம் அதை உடைக்கும் நொதி இருந்தால் தண்ணீர் சேர்ந்து 18 கூடும், இயந்திரம் காட்டும் வரைபடத்தில் 383க்கான முகடு சரிந்துவிடும். உடைந்தது என்றால் அந்த மருந்தை நம்ப முடியாது. நொதி இல்லாமல் வேறு வழியில் எதிர்க்கும் கிருமி இதில் தப்பலாம், ஆகவே கிருமியைத் தட்டில் மருந்தோடு வளர்த்துப் பார்க்கும் வழக்கமான சோதனையும் நடக்கட்டும். ஆனால் வெள்ளி இரவே தட்டில் போட்டிருந்தால் சனி மதியமே தெரிந்திருக்குமே ஐயா! இரண்டாவது கோட்டிலேயே!

4. ஆகவே சனி, ஞாயிறு ஒரு வேன், ஆய்வகத்தில் ஓர் ஆள். நொதிச் சோதனை அன்றைக்கே, முடிவு தொலைபேசியில் வார்டுக்கு. இயந்திரம் வாங்கித் தரச் சொல்லவில்லை. இருப்பதை ஓட்டச் சொல்கிறோம். வாரத்தில் இரண்டு நாள் அது துணி போர்த்திக் கிடக்கிறதாம். கிருமிக்கு ஏது சனி, ஞாயிறு?

5. வேன். வேறெதுவும் முடியாவிட்டால் அந்த வேனையாவது முதலில் விடுங்கள், ஐயா.

6. பக்கத்து பிளாக்கில் ஒரு அக்கா காலில் கட்டோடு இருக்கிறார், வரும் வெள்ளிக்கிழமை அவருக்கு மருத்துவமனை நாள். அதற்குள் பதில் தரும்படி மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பிறை அடுக்குமாடிக் குடியிருப்பாளர்கள்

இணைப்பு: முத்திரையிட்ட முதல் மனுவின் நகல்; கோடு போட்ட காலின் படங்கள் 4