பாதிக் காட்டை மூடிவைத்து முழு டிக்கெட் விற்றது குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: தனியார் நிகழ்ச்சிக்காகக் குளக்கரைப் பாதை மூடப்பட்டதை மறைத்து டிக்கெட் விற்றது, பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை, நகருக்கு வெளியே தாங்கள் நடத்தும் வனப் பூங்காவுக்குக் குடும்பத்தோடு வந்திருந்தோம். நான், என் கணவர், இரண்டு பிள்ளைகள், வீல்சேரில் என் அம்மா. டிக்கெட்டை இணையத்திலேயே எடுத்துவிட்டோம். முன்பதிவுப் பக்கத்தில் எங்களை இழுத்தவை குளத்தைச் சுற்றி வீல்சேர் போகக்கூடிய சமதளப் பாதை, அதன் ஓரத்தில் பறவை பார்ப்பதற்கான மறைப்புக் குடில், வழிகாட்டியுடன் ஒரு மணி நேர அமைதி நடை ஆகியவைதான். ஜிப்லைன், கயிற்றுப் பாலம் எல்லாம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அம்மா வீட்டை விட்டு வெளியே வர ஒத்துக்கொண்டதே அந்தக் குளக்கரைப் படத்தைப் பார்த்த பிறகுதான்.

டிக்கெட்டை ஸ்கேன் செய்து, கையில் பட்டை கட்டி, உள்ளே விட்ட பிறகு ஊழியர் ஒருவர் சாவகாசமாகச் சொன்னார்: "குளத்துப் பக்கம் இன்னைக்குப் போக முடியாதுங்க, கம்பெனி ஃபங்ஷன் நடக்குது." எப்போது முடிவானது என்று கேட்டேன். "போன மாசமே புக் ஆயிடுச்சே" என்றார். அவர் உண்மையைச் சொன்னார், அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. என் புகாரே இதுதான்: போன மாதமே உங்களுக்குத் தெரியும். நாங்கள் டிக்கெட் எடுத்தது அதற்கு அப்புறம், நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம். அப்போதும் முன்பதிவுப் பக்கத்தில் அதே குளம், அதே பாதை, அதே கட்டணம். ஒரு வரி அறிவிப்பு கிடையாது. குறுஞ்செய்தி கிடையாது. வாயிலில்கூட ஒரு பலகை இல்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் வேறொரு நாள் வந்திருப்போம், அவ்வளவுதான் விஷயம்.

மாற்றுவழி என்று மேட்டுப் பாதையைக் காட்டினார்கள். வீல்சேருக்கான சரிவுப் பாதை ஒரு அடி ஏறினால் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும் என்பது கட்டடம் கட்டும் எவருக்கும் தெரிந்த கணக்கு. அந்தப் பாதையைப் போட்டவருக்கு அந்தக் கணக்கு எட்டவில்லை போலிருக்கிறது. சரிவைக்கூட விடுங்கள், அதன்மேல் உருட்டுக் கற்களைக் கொட்டி வைத்திருக்கிறீர்கள். வீல்சேரின் முன்சக்கரங்கள் சிறியவை, சுழல்பவை. தளர்ந்த கல்லில் அவை முதலில் பக்கவாட்டில் திரும்பும், பிறகு புதைந்து நிற்கும். என் கணவர் நாற்காலியைப் பின்பக்கமாகச் சாய்த்து, முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு, பின்னோக்கி நடந்தபடியே இழுத்தார். அம்மா இரண்டு கைப்பிடியையும் இறுகப் பிடித்துக்கொண்டு, வந்த வழியையே பார்த்தபடி காட்டுக்குள் போனார். அந்தத் திருப்பத்தைத் தாண்டினால் மரக்கட்டைப் படிகள். அதற்கு மேல் வழியே இல்லை.

"நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றார் அம்மா. டிக்கெட் கவுண்டர் அருகே நிழலில் அமர்த்திவிட்டு, நானும் கணவரும் மாறி மாறி அவருடன் இருந்தோம். அங்கிருந்து பார்த்தால் வாகன நிறுத்தம் தெரியும். அதைப் பார்க்க அவருக்கு ஒரு முழு டிக்கெட்.

அடுத்தது அமைதி நடை. காட்டில் மெதுவாக, பேசாமல், கண்ணையும் காதையும் திறந்துவைத்து நடப்பதை 1982இல் ஜப்பானின் வனத்துறை மக்களிடம் 'ஷின்ரின்-யோகு' என்ற பெயரில் கொண்டுபோனது. உங்கள் விளம்பரத்திலும் அந்தப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது. நாங்கள் நடந்தபோது குளக்கரையிலிருந்து ஒலிபெருக்கி முழங்கியது: யாருக்கோ விருது, கைதட்டல், பாட்டு. என் போனில் இருந்த ஒலி அளவிடும் செயலி 70 டெசிபலுக்குக் கீழே பெரும்பாலும் இறங்கவில்லை. போன் செயலி துல்லியமான கருவி அல்ல என்பது தெரியும். ஆனாலும் உலக சுகாதார நிறுவனம் 1999இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மக்கள் பகலில் இருக்கும் திறந்தவெளிக்கு 55 டெசிபலைத் தாண்டினாலே கடும் தொந்தரவு என்கிறது. டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. மனிதர்களுக்கே இந்தக் கணக்கு என்றால், குரலை வைத்தே துணை தேடி எல்லை காக்கும் பறவைகளின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பறவை எதுவும் கண்ணில் படாததால், பாவம், அந்த இளம் வழிகாட்டி தன் போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு ஒன்றை வரவழைக்கப் பார்த்தார். ஒன்று வந்தது, கிளைக்குக் கிளை தாவிப் பதறிக் கத்தியது. பிள்ளைகள் மகிழ்ந்தார்கள். ஆனால் அந்தப் பறவை வந்தது எங்களைப் பார்க்க அல்ல. தன் இடத்துக்குள் இன்னொரு பறவை புகுந்துவிட்டது என்று நினைத்து அதை விரட்ட வந்தது. கூடு கட்டும் காலத்தில் இப்படித் திரும்பத் திரும்ப ஏமாற்றினால், குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரமும் தெம்பும் இதிலேயே போகும். வழிகாட்டியைக் குறை சொல்லவில்லை, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தர வேண்டியவர்கள் நீங்கள்.

இன்னொன்றையும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நுழைவுப் பாதையின் இருபுறமும் உள்ள மரங்களில் அலங்கார விளக்கு வயர் சுற்றியிருக்கிறீர்கள். அதில் ஒரு மரத்தை நிறுத்தி நிதானமாகப் பார்த்தோம். வயர் கட்டிப் பல வருடம் ஆகியிருக்க வேண்டும். மரம் பருத்ததால் அது பட்டைக்குள் அமிழ்ந்து, மேலும் கீழும் பட்டை உதடுபோலப் பிதுங்கி, ஓரிடத்தில் வயரே கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மூடிவிட்டது. என் மகள் விரலால் தடவிப் பார்த்து, "இதுக்கு வலிக்காதா" என்றாள். வலி பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் இலையில் உண்டாகும் உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாகத்தான். அதைச் சுற்றிலும் நெரித்துவிட்டால் வேர் பட்டினி கிடந்து, மரம் மெல்ல மெல்லச் சாகும். விளக்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. கம்பம் நட்டு மாட்டுங்கள். இல்லையென்றால் வருடா வருடம் கட்டை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள்.

கழிப்பறைகள் சுத்தமாக இருந்தன. அம்மாவுக்குக் குடிநீர் கொண்டுவந்து கொடுத்த காவலாளிக்கு எங்கள் நன்றியைச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் தகவல் மையத்தில் பணத்தைத் திரும்பக் கேட்டேன். டிக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். மழை, பலத்த காற்று போன்ற இயற்கைக் காரணங்களால் ஏதாவது பகுதி மூடப்பட்டால் பணம் திருப்பித் தரப்படாது என்று இருக்கிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன். போன மாதமே முன்பணம் வாங்கிக்கொண்டு ஏற்பாடு செய்த விருந்து எப்படி இயற்கைக் காரணம் ஆகும்? ஒரே குளத்தை ஒரே நாளில் இரண்டு பேருக்கு விற்றிருக்கிறீர்கள். அந்த நிறுவனத்துக்குக் குளம் கிடைத்தது, எங்களுக்கு விதிமுறை கிடைத்தது.

எங்கள் கோரிக்கைகள் இவை. அம்மாவின் டிக்கெட் பணத்தை முழுவதுமாகவும், மற்ற நால்வரின் டிக்கெட்டில் பாதியையும், அமைதி நடைக்குத் தனியாகக் கட்டிய தொகையையும், எந்தக் கணக்கிலிருந்து கட்டினோமோ அதே கணக்குக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அடுத்த வருகைக்கான இலவசக் கூப்பன் வேண்டாம். தனியார் நிகழ்ச்சி உள்ள நாட்களை, பணம் கட்டும் பட்டனுக்கு மேலேயே தெரியும்படி முன்பதிவுப் பக்கத்தில் போட வேண்டும். வீல்சேர் பாதை என்று நீங்கள் குறிப்பிடும் ஒவ்வொன்றின் சரிவு, அகலம், தரை எப்படிப்பட்டது என்பதையும் அங்கேயே எழுதுங்கள், போகலாமா வேண்டாமா என்பதை நாங்களே முடிவு செய்துகொள்கிறோம்.

டிக்கெட் எண், ரசீது, மேட்டுப் பாதையிலும் மரத்திலும் எடுத்த படங்கள் எல்லாவற்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வரவில்லை என்றால் நுகர்வோர் குறைதீர் அமைப்பிடம் போவேன்.

பி.கு.: குகைப் பகுதியில் உள்ள பலகையில் 'வௌவால் கண் தெரியாத பறவை' என்று எழுதியிருக்கிறது. வௌவால் பாலூட்டி, அதற்குக் கண்ணும் நன்றாகத் தெரியும். கட்டாயம் எழுதச் சொன்னது என் மகன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்