நின்ற மரங்களைக் காட்டித் தந்தவர்களுக்கு

எங்கள் பல்கலைக்கழகத்தின் தோட்டப் பணியாளர்களுக்கும், தாவரவியல் துறையினருக்கும், மாணவர்களுக்கும் வணக்கம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைத் தாக்கிய மறுநாள் காலை, விழுந்த மரங்களுக்கிடையே நாங்கள் வழி தேடிக்கொண்டிருக்க, மூத்த தோட்டக்கார ஐயா ஒருவர் மட்டும் நின்ற மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். சாலையோரத்து மயில்கொன்றைகளும் இயல்வாகைகளும் சாய்ந்து கிடந்தன. எவரும் தண்ணீர் ஊற்றியிராத வடக்கு மூலைப் புதர்க்காட்டில் இம்மண்ணின் மரங்களான வீரையும் உலக்கைப்பாலையும் கிளை முறிந்தும் வேர் அசையாமல் நின்றன. அதை அவரே அழைத்துச் சென்று காட்டினார். சாய்ந்தவற்றின் அடிமரம்வரை நாங்கள்தான் சிமெண்டு பூசியிருந்தோம். பரவ இடமில்லாமல் அவற்றின் வேர்கள் தட்டுப்போலச் சுருண்டிருந்தன. ஐயா, முதல் நன்றி உங்களுக்கு.

கோயில்காடுகளில் ஊர்ப் பெரியவர்களின் இசைவு பெற்று வீரை, உலக்கைப்பாலை விதைகளைச் சேகரித்துத் தந்த தாவரவியல் ஆசிரியர்களுக்கு நாங்கள் கடன்பட்டுள்ளோம். இம்மரங்கள் மிக மெதுவாக வளர்பவை. நிழல் எப்போது வரும் என்று கேட்டவர்களிடம் சலிக்காமல் விளக்கி, விரைவில் நிழல் தரும் பூவரசையும் புங்கத்தையும் முன்வரிசையில் நட்டு, அவற்றின் காப்பில் வீரைக் கன்றுகளை வளர்க்கலாம் என்று திட்டம் தந்தவர்கள் அவர்களே.

சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டுபோன 2019 கோடையில், நிர்வாகக் கட்டடத்தின் முன்னிருந்த கொரியன் புல்தரையைக் கைவிட நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அழகுக்காகப் போற்றிய ஒன்றை விடுவது எளிதன்று என்பதால் அந்த முடிவை மதிக்கிறோம். அவ்விடத்தில் மாணவர்கள் வெட்டிய தாங்கலுக்கு, அதாவது மழைநீர் தேங்கும் சிறு குளத்துக்கு, கூரைநீரைத் திருப்பினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழை கொட்டியபோது, வழக்கமாக நூலகத்தின் கீழ்த்தளத்தில் ஏறும் நீரில் பெரும்பகுதி அங்கேயே தங்கியது.

சருகைக் கொளுத்தும் பழக்கத்தை நிறுத்தி, அதையே கன்றுகளின் அடியில் மூடாக்காகப் பரப்பி, சித்திரை வெயிலில் விடியும் முன்பே குடம் சுமந்த அக்காமார்களுக்கு எங்கள் நன்றி எத்தனை சொன்னாலும் போதாது. மூடாக்கை விலக்கிக் கைவிரலால் ஈரம் பார்த்த பிறகே தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை உங்களிடமே கற்றோம்.

ஐயா, இம்மாதம் பணி ஓய்வு பெறும் தாங்கள், நின்ற மரங்களைக் குறித்துவைத்த கோடுபோட்ட நோட்டைத் துறையிடம் தந்தீர்கள். நகலெடுத்துக்கொண்டோம், மூலநோட்டு தங்கள் வீட்டுக்கு வந்து சேரும்.

நன்றியுடன்,
வளாகப் பசுமைக் குழுவினர்