நடந்து முடிந்த பிறகு போட்டோ வேண்டாம், நடப்பதற்கு முன்பே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் பத்திரிகையைப் பல வருடமாக விடாமல் படித்து வருகிறேன். கலை நிகழ்ச்சிகள் பக்கத்தைப் பற்றி ஒரு விஷயம் நீண்ட நாளாக மனதில் கிடக்கிறது, பள்ளிகளுக்குக் குளிர்கால விடுமுறை நெருங்குவதால் இப்போது சொல்லியே ஆகவேண்டும். நம் மொரிசியஸில் போர்ட் லூயிஸ், ரோஸ் ஹில், பீனிக்ஸ், மோக்கா என்று நகரத்துப் பக்கம் நடக்கப்போகிற கச்சேரியும் நாட்டியமும் தேதி, நேரத்தோடு முன்கூட்டியே வருகின்றன. தெற்கே எங்கள் சவான் மாவட்டத்துக் கிராமங்களில் நடப்பது மட்டும், எல்லாம் முடிந்த பிறகு, விருந்தினருக்கு மாலை போடும் போட்டோவாக வருகிறது. இப்படி ஒன்று நடந்தது என்பதே அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பக்கத்து ஊர்க்காரர்களுக்குத் தெரிகிறது.

போன வருடம் எனக்கே இது நேர்ந்தது. என் பேத்தி கோவிலில் கேட்டுக் கேட்டுத் தானாகவே தேவாரம் பாடுகிறாள். பஸ்ஸில் கால் மணி நேரத் தூரத்தில் ஒரு ஊரில் மூன்று நாள் தேவார வகுப்பு நடந்திருக்கிறது. எங்களுக்குத் தெரிந்தபோது பத்து நாள் ஆகிவிட்டது. அவளுக்கு நான் என்ன சமாதானம் சொல்வது?

எங்கள் பக்கம் ஒன்றும் நடப்பதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். இந்த விடுமுறையிலேயே எங்கள் கோவில் மண்டபத்தில் மூன்று சனிக்கிழமை காலை தொடர்ந்து ஒரு வேலை செய்யப்போகிறோம். நம் வீட்டுப் பெரியவர்களிடம் பாட்டு நோட்டுகள் இருக்கின்றன: காவடிக்குப் பாடுவது, தீமிதிக்குப் பாடுவது, கோவிந்தன் மாதமான புரட்டாசியில் பாடுவது. எல்லாம் தமிழ்ப் பாட்டு, ஆனால் எழுதியிருப்பது பிரெஞ்சு எழுத்தில். அவர்கள் தமிழ் எழுத்தைப் படித்த தலைமுறை இல்லை, காதில் விழுந்ததை அப்படியே எழுதி வைத்தார்கள். அந்த எழுத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் வித்தியாசம் கிடையாது. வழி என்று எழுதியிருக்கிறதா, வலி என்று எழுதியிருக்கிறதா என்று பாடுகிற பாட்டியைக் கேட்டால்தான் தெரியும், சில இடத்தில் பாட்டிக்கே தெரியாது, அவருடைய அம்மா அப்படிப் பாடினார், அவ்வளவுதான். இன்றைக்குப் பிள்ளைகள் ஆரம்பப் பள்ளியிலேயே தமிழ் எழுத்து படிக்கிறார்கள். ஆனால் பாட்டு தெரியாது. அதனால் ஒரு பாட்டியையும் ஒரு பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, ஒருவர் பாட ஒருவர் எழுத, அந்த நோட்டுகளைத் தமிழில் எழுதி முடிக்கலாம் என்று இருக்கிறோம். முப்பது வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான், இதைவிட நல்ல வகுப்பு எனக்குத் தெரியாது. இதைப் பார்க்க எந்த நிருபரும் வரவேண்டாம், மாலையும் வேண்டாம். வரவேண்டியவர்கள் நோட்டு வைத்திருக்கிற பாட்டிகள், அவர்கள் சூயாக், சூரினாம், பிரிட்டானியா என்று எங்கள் மாவட்டத்து ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களுக்குச் செய்தி போகவேண்டும்.

பக்கத்துக் கிராமத்து மண்டபத்தில் ரவான் என்ற தோல் மேளம் செய்யும் பட்டறை ஒன்றும் இருக்கிறது. நம் தீவின் கிரியோல் மக்களுடைய ஆட்டமும் பாட்டுமான சேகாவுக்கு அடிக்கிற ரவான், ஆட்டுத்தோல் போர்த்தியது, அடிப்பதற்கு முன்னால் தீயில் காட்டித் தோலை இறுக்குவார்கள். நம்மவர்கள் தப்பைக் காய்ச்சுவதும் இதே முறைதானே! கரும்புத் தோட்டத்தில் அவர்களும் நாமும் அடுத்தடுத்து வாழ்ந்தவர்கள் என்பதால் நம் பிள்ளைகள் அதையும் ஒருதரம் கையில் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அப்புறம், போஜ்புரி பேசும் பெண்கள் ஒரு மதியம் கீத் கவாய் பாடப்போகிறார்கள். கல்யாணத்துக்கு முன்பு வீட்டுப் பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடிப் பாடுகிற பாட்டு அது. சேகா 2014-இலும் கீத் கவாய் 2016-இலும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. போஜ்புரிக்காரர்கள் அதற்கு ஊர் ஊராகப் பள்ளியே வைத்து, வயதான பெண்கள் இளம் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நாம் அவர்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த முறையை. இந்தியக் கலைகளைச் சொல்லிக்கொடுக்க மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனம் 1970-இலிருந்து இருக்கிறது, அதன் மேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு, ஆனால் மிருதங்கம் கற்க எங்கள் பிள்ளை ஒன்று மோக்காவுக்குப் போகவேண்டுமானால் கியூர்பிப்பில் பஸ் மாறி, போக வர ஒரு நாளே போய்விடும்.

பஸ் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், இது நிகழ்ச்சி நடத்துபவர்களுக்கு. 2005-இலிருந்து நம் நாட்டில் மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் பஸ் இலவசம். நாம் கூப்பிடுவதும் இந்த இரண்டு பேரைத்தான். ஆனால் கிராமத்தில் மாலை ஆறரைக்கு மேல் பஸ்ஸை நம்பி யாரும் வெளியே கிளம்ப முடியாது. குளிர்காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது, தெற்குக் கடற்காற்று வேறு. கரும்பு வெட்டும் நேரம் என்பதால் பல வீடுகளில் விடியுமுன்பே எழுந்திருக்க வேண்டும். ஏழு மணிக்குக் கச்சேரி வைத்து, பிரமுகர் வரும்வரை எட்டு மணிவரை காக்கவைத்தால் கார் இருப்பவர்கள் மட்டும்தான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு "கிராமத்து மக்களுக்கு ஆர்வம் இல்லை" என்று பேசுகிறார்கள், எனக்கு மனம் வலிக்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு ஆரம்பித்து ஐந்துக்குள் முடித்துப் பாருங்கள், மண்டபம் நிறையும். எங்கள் ஊரில் ஒருதரம் அப்படிச் செய்தோம், நாற்காலி போதாமல் பக்கத்து வீடுகளில் வாங்கிவந்து போட்டோம்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒரு சின்ன இடம். நிகழ்ச்சி நடப்பதற்கு இரண்டு வாரம் முன்பே, எந்த ஊர், எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடியும், எந்த நிறுத்தத்தில் இறங்கவேண்டும், இவ்வளவு போதும். யார் தலைமை, யார் முன்னிலை என்பதற்கு இடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ரோஸ் பெல் பக்கமும் கிழக்குக் கடற்கரைப் பக்கமும் இதே குறைதான் என்று அங்கே இருக்கும் என் பழைய மாணவிகள் சொல்கிறார்கள், அவர்களுக்கும் இடம் கொடுங்கள்.

முதல் அறிவிப்பாக எங்களுடையதையே போடலாம். விடுமுறையின் முதல் சனிக்கிழமை, காலை ஒன்பதரைக்கு ஆரம்பம், பன்னிரண்டுக்கு முடியும், கோவில் மண்டபம், மார்க்கெட் நிறுத்தத்தில் இறங்கி நடக்கிற தூரம்தான். வருபவர்கள் வீட்டில் இருக்கும் பழைய பாட்டு நோட்டை எடுத்துவரட்டும், கிழிந்திருந்தாலும் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
ரிவியேர் தே சாங்கி, மொரிசியஸ்