மார்த்தாவைத் தேடக் கூட வந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

போன சனிக்கிழமை, அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் நம் தமிழ்க் குடும்பங்கள் கூடியபோது டாக்டர் மார்த்தா ஹியூஸ் கேனன் பற்றிப் பேசினேன். மேடையிலேயே நன்றி சொல்லியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துவிட்டது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, நூலகத்தின் வரலாற்றுப் பிரிவில் இருக்கும் அம்மாவுக்கு. 1897-இல் யூட்டாவில் நாற்காலி பற்றி ஒரு சட்டம் வந்ததாமே என்று மட்டும்தான் கேட்டேன். மூன்று மத்தியானங்களை எனக்காக ஒதுக்கினார். கடையில் வேலை பார்க்கும் பெண்கள், கையில் வேலை இல்லாத நேரத்தில் உட்கார நாற்காலியோ ஸ்டூலோ முதலாளி போட்டுத் தர வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம். கொண்டுவந்தவர் மார்த்தா. அமெரிக்காவில் ஒரு மாநில செனட்டுக்கு, அதாவது மாநிலச் சட்டமன்றத்தின் மேலவைக்கு, தேர்வான முதல் பெண் என்று அவரைச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, அதற்கு முன் பதினாறு வருஷம் அவர் டாக்டராக இருந்தது. நாள் முழுக்க நிற்கிறவளின் காலில் நரம்பு எப்படிப் புடைக்கும் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. காது கேளாத, பார்வையற்ற குழந்தைகளின் படிப்புக்கான சட்டம், மாநிலச் சுகாதார வாரியம் அமைக்கும் சட்டம் இரண்டும் அவர் கொண்டுவந்தவைதான். ஆனால் என் மனசு நாற்காலியிலேயே நின்றுவிட்டது.

காரணம் என் அம்மா. ஊரில் ஒரு ஜவுளிக்கடையில் பதினொரு வருஷம் நின்றார். கூட்டம் இல்லாத நேரத்தில் சுவரில் சாய்ந்தாலே சூப்பர்வைசர் சத்தம் போடுவார். ராத்திரி அம்மா காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டுதான் படுப்பார். தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்காரச் சட்டம் 2021-இல்தான் வந்தது. அதற்குள் அம்மா வேலையை விட்டிருந்தார். மேடையில் எனக்குப் பேச்சு நின்றது இந்த இடத்தில்தான். அப்போது யாரும் சலசலக்காமல் காத்திருந்தீர்களே, அதற்கும் நன்றி.

எதிர்வீட்டுத் தாத்தாவுக்கு நன்றி. மார்த்தாவின் குடும்பத்தைப் போல அவருடைய முன்னோர்களும் மாட்டு வண்டியில் இங்கே வந்தவர்கள்தான். அந்த வண்டிகள் பள்ளத்தாக்குக்குள் இறங்கிய மலைப்பக்கம் என்னை அழைத்துப் போய் நிறுத்திக் காட்டினார். மார்த்தா வேல்ஸில் 1857-இல் பிறந்தவர். 1861-இல் நாலு வயசுக் குழந்தையாக இங்கே வந்து சேர்ந்தார். வரும் வழியிலேயே தங்கச்சி இறந்துபோனாள். ஊர் வந்து மூன்றாம் நாள் அப்பாவும் போய்விட்டார். அந்தக் குழந்தை டாக்டராக வேண்டும் என்று நினைத்தது ஏன் என்று, அந்தக் காற்றில் நின்றபோது எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

அப்புறம், என் உரையைத் திருத்திக் கொடுத்த தோழி. மார்த்தா, ஏங்கஸ் கேனனுக்கு நாலாவது மனைவி. அதைச் சொல்லாமல் தாண்டிவிடலாம் என்றிருந்தேன். "மறைச்சா அது மார்த்தாவே இல்லை" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. இங்கே மார்மன் கிறிஸ்தவர்களிடம் பலதார மணம் இருந்தது; அதற்காக ஆட்களைச் சிறையில் போட்ட காலம் அது. அந்த வீடுகளில் பிரசவம் பார்த்தவர் மார்த்தா. கூண்டில் ஏற்றினால் தன் கணவருக்கு எதிராக மட்டுமல்ல, தன்னை நம்பி வந்த தாய்மார்களின் குடும்பங்களுக்கு எதிராகவும் சாட்சி சொல்ல வேண்டிவரும். அதனால் 1886-இல் கைக்குழந்தையோடு இங்கிலாந்துக்குப் போய்விட்டார். நோயாளியின் ரகசியத்துக்காக வீட்டையும் வேலையையும் விட்டுப் போன டாக்டர்! பத்து வருஷம் கழித்து, 1896 தேர்தலில் அவர் ஜனநாயகக் கட்சி, கணவர் குடியரசுக் கட்சி. ஒரே செனட் தேர்தலில் இருவரும் வேட்பாளர்கள். ஜெயித்தது மார்த்தா. இதைச் சொன்னதும் பெண்கள் பக்கமிருந்து எழுந்த கைதட்டல் முழுக்க அந்தத் தோழிக்குச் சேர வேண்டியது.

பனியில் கல்லறைத் தோட்டம் வரை கார் ஓட்டி வந்த தம்பிக்கும், வீட்டிலிருந்தே பூ கொண்டுவந்த அவன் மனைவிக்கும் என் அன்பு. 2024 டிசம்பரில் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்தில் மார்த்தாவுக்குச் சிலை திறந்தார்கள். அங்கேயும் ஒருநாள் சேர்ந்து போவோம் தம்பி.

கடைசி நன்றி அம்மாவுக்கு. ஊரில் விடியும் முன்பே எழுந்து, போனில் முழுப் பேச்சையும் கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தம்மாவும் எங்கயாவது நின்னு வேலை பாத்திருக்காங்களா?"

பார்த்திருக்கிறார் அம்மா. மிச்சிகனில் மருத்துவம் படித்தபோது விடுதியில் பாத்திரம் கழுவினார். அதற்கும் முன்னால், சின்ன வயசில், இதே ஊரில் அச்சகத்தில் அச்சுக் கோத்தார். எழுத்துப் பெட்டி முன்னால் நின்றுகொண்டே செய்கிற வேலை அது.