குளிசை மாறினால் நோயாளியிடம் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த வாரம் தங்கள் பத்திரிகையில் வெளியான வாசகர் கடிதம் ஒன்று, கொம்பனிப் பெயரில்லாமல் மூலமருந்தின் பெயரிலேயே மலிவாகக் கிடைக்கும் பொதுப்பெயர் மருந்துகளை நம்பக்கூடாது என்றும், ஒவ்வாமை உள்ளவர்கள் காசைப் பார்க்காமல் கொம்பனிப் பெயருள்ள மருந்தையே கேட்டு வாங்க வேண்டும் என்றும் கூறியிருந்தது. எழுதியவரின் பயம் எனக்கு நன்றாகவே விளங்குகிறது, ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அதே பயம் வந்துபோனது. ஆனால் அவர் காட்டும் வழி பிழையானது என்றே நினைக்கிறேன்.

என் தாயாருக்கு 71 வயது. இளமையிலிருந்தே தொய்வு (ஆஸ்துமா) உள்ளவர், அஸ்பிரினும் ஒத்துக்கொள்ளாது. இரத்த அழுத்தத்துக்குப் பல வருடங்களாக ஒரே குளிசையை எடுத்து வந்தார். சென்ற வருடம் ஒருநாள், மருந்துக்கடையில் தந்த சிறிய கடதாசி உறையைப் பிரித்தபோது, வழக்கமான வெள்ளைக் குளிசைக்குப் பதிலாக மஞ்சள் குளிசை இருந்தது. மருந்தின் பெயரும் அளவும் சரியாக இருந்தன. ‘காலை 1’ என்று நீலப் பேனாவால் எழுதியும் இருந்தார்கள். அதனால் நாங்களும் யோசிக்கவில்லை. நான்காம் நாள் கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் தடிப்புத் தடிப்பாக எழும்பி, அன்றிரவு முழுவதும் அம்மா சொறிந்துகொண்டே விழித்திருந்தார். வைத்தியர், மருந்துப் பெட்டியோடு வரும் விளக்கத்தாளைக் கொண்டுவரும்படி சொன்னார். எண்ணி உறையில் போட்டுத் தந்த குளிசைக்கு விளக்கத்தாள் எங்கே இருக்கும்? கடைக்குத் திரும்பிப் போய்ப் பெட்டியைக் கேட்டு வாங்கி, அந்தப் பொடி எழுத்துகளை வாசித்தபோதுதான், மூலமருந்தோடு கலக்கும் சேர்க்கைப் பொருட்களின் வரிசையில் டார்ட்ரசின் என்ற மஞ்சள் சாயம் இருப்பது தெரிந்தது. தடிப்புக்கு அதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது என்றும், அதை உறுதிப்படுத்துவதற்காக அம்மாவுக்கு அதே குளிசையை இன்னொரு தடவை கொடுத்துப் பார்க்கத் தேவையில்லை என்றும் வைத்தியர் சொன்னார். மாற்றிக் கொடுத்த வெள்ளைக் குளிசை ஒத்துக்கொண்டது. அதுவும் பொதுப்பெயர் மருந்துதான்; வேறொரு தொழிற்சாலையில் செய்தது, அவ்வளவே.

பல குளிசைகளில் நோயைக் கவனிக்கும் மூலமருந்து சில மில்லிகிராம்களே இருக்கும்; மீதியெல்லாம் லக்டோஸ் என்ற பாற்சர்க்கரை, மாப்பொருள், சாயம், மேற்பூச்சு போன்றவை. பொதுப்பெயர் மருந்துக்கு அனுமதி பெறும்போது, அது இரத்தத்தில் சேரும் அளவு, முதலில் தயாரித்த கொம்பனியின் மருந்தோடு ஒப்பிடப்படுகிறது. அந்த ஒப்பீடு, அதன் புள்ளிவிவர எல்லைகளோடு (சோதனையின் ஏற்ற இறக்கத்துக்கு இடம்விட்டுக் கணிக்கும் கீழ், மேல் எல்லைகளோடு) சேர்த்து, 80 முதல் 125 வீதத்துக்குள் அடங்க வேண்டும் என்பது உலகில் பொதுவாகக் கடைப்பிடிக்கப்படும் விதி. இதைப் பிழையாக விளங்கிக்கொண்டு, ‘20 வீதம் மருந்து குறைவாக இருக்கலாம்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எல்லைகளும் சேர்ந்து அதற்குள் அடங்க வேண்டியிருப்பதால், உண்மையான சராசரி வித்தியாசம் பெரும்பாலும் சில வீதங்களே. ஆனால் இந்தச் சோதனைகள் வழக்கமாக ஆரோக்கியமான தொண்டர்களிடமே செய்யப்படுகின்றன. சாயம் ஒத்துக்கொள்ளாத முதியவருக்கோ, லக்டோஸ் செரிக்காதவருக்கோ என்ன நடக்கும் என்பதை அவை சொல்வதில்லை.

பெயர்பெற்ற கொம்பனியின் மருந்தும் இதற்கு விலக்கல்ல. 2017ஆம் ஆண்டு பிரான்ஸில் லெவோதைரொக்ஸ் என்ற பிரபலமான தைரொயிட் குளிசையில் லக்டோஸை எடுத்துவிட்டு மனிற்றோலும் சித்திரிக் அமிலமும் சேர்த்தபோது, ஆயிரக்கணக்கான நோயாளிகள் உடல் உபாதைகளை முறையிட்டார்கள்; பழைய கலவையை மீண்டும் இறக்க வேண்டி வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பு, 1968 அளவில், அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் வலிப்புக்கான பெனிற்றோயின் மருந்தில் கல்சியம் சல்பேற்றுக்குப் பதிலாக லக்டோஸ் சேர்த்ததும், மருந்து உடலில் அதிகமாக உறிஞ்சப்பட்டுப் பல நோயாளிகள் நஞ்சேறிய நிலைக்கு ஆளானார்கள். உறையில் எழுதிய அளவு மாறவேயில்லை. பெனிற்றோயின், காபமசெப்பின் ஆகிய வலிப்பு மருந்துகளை எடுப்பவர்களை ஒரே தயாரிப்பாளரின் மருந்திலேயே வைத்திருக்கும்படி பிரித்தானிய மருந்து ஒழுங்குபடுத்தல் நிறுவனம் 2013இல் அறிவுறுத்தியதும் இத்தகைய ஆபத்தைக் கருதியே. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், தைரொயிட் குறைபாட்டுக்கான தைரொக்சின், சிறுநீரக மாற்று நோயாளர் எடுக்கும் தக்ரோலிமஸ் ஆகியவற்றிலும் இந்த அவதானம் வேண்டும்.

இலங்கையின் மருந்துக் கொள்கையை வகுத்த பேராசிரியர் சேனக பிபிலே காட்டிய வழியில், பொதுப்பெயர் மருந்துகளை மலிவாகத் தருவிக்கும் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் 1971இல் தோன்றியிராவிட்டால், என் தாயாரைப் போன்றவர்கள் மாதாமாதம் மருந்து வாங்குவதே பெரும்பாடாக இருந்திருக்கும். கொம்பனிப் பெயரைத் தேடி ஓடுங்கள் என்று ஓய்வூதியத்தில் வாழ்பவரிடம் சொல்வது, பாதி மாதத்துக்கு மருந்தில்லாமல் இருங்கள் என்று சொல்வதற்குச் சமம். 2022இன் மருந்துத் தட்டுப்பாட்டில், கிடைத்ததை எடுத்துக்கொண்டு உயிர்பிழைத்தவர்களை நாம் எல்லோரும் அறிவோம்.

ஆகவே, மருந்து மாறுவதைத் தடுக்கும்படி நான் கேட்கவில்லை. மாறினால் சொல்லும்படி கேட்கிறேன். மருந்துக்கடைகளும் அரச வைத்தியசாலைகளின் மருந்து வழங்கும் பிரிவுகளும், உறையில் மருந்தின் பெயரோடு தயாரிப்பாளரின் பெயரையும் எழுதுவதைத் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை கட்டாயமாக்க வேண்டும். சேர்க்கைப் பொருட்களின் விபரம், கேட்பவருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் கிடைக்க வேண்டும். கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் ஒவ்வாமைகளை எழுதும்போது, சாயம், லக்டோஸ் போன்றவற்றையும் வைத்தியர்கள் கேட்டு எழுதினால் நல்லது.

அதுவரை, குளிசையின் நிறமோ வடிவமோ மாறியிருந்தால் வாசகர்கள் கடையை விட்டு வெளியேறுமுன் கேட்டுவிடுங்கள். ஆனால் வைத்தியரைக் கேளாமல் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். என் தாயார் இப்போது ஒவ்வொரு மாதமும் தயாரிப்பாளரின் பெயரைக் கேட்டுத் தன் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைக்கிறார்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.